அழுகிற பிள்ளையும் ஆறாவது வாரமும்

பிறந்து இரண்டு வாரம் ஆகும்போது தொடங்கி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்றாவது மாதம் முடிவதற்குள் தானாகவே அடங்கிவிடுகிற ஓர் அழுகை ஏறக்குறைய எல்லாப் பச்சிளம் குழந்தைகளுக்கும் உண்டு. பெரும்பாலும் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் அது ஆரம்பமாகும். வயிறாரப் பால் குடித்து, ஏப்பம் விட்டு, துணி மாற்றப்பட்டு, உடம்பில் சூடும் இல்லாமல் இருக்கிற குழந்தை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முகம் சிவந்து, கைகளை இறுக மூடி, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடும். தூக்கினாலும் அழும், கிடத்தினாலும் அழும், மார்பில் வைத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்து, எதனால் அழுதது என்பது தெரியாதது போலவே எதனால் நிறுத்தியது என்பதும் தெரியாமல் உறங்கிப்போகும்.

எங்கள் மகள் பிறப்பதற்கு முன்பு இதைப் பற்றி எங்களிடம் யாரும் பேசியதில்லை. கர்ப்ப காலத்தில் என்ன சாப்பிட வேண்டும், எந்த வாரத்தில் எந்த ஸ்கேன் எடுக்க வேண்டும், தடுப்பூசிகளை எப்போது போட வேண்டும் என்பதையெல்லாம் பலரும் சொல்லித் தந்தார்கள். ஆனால் ஆரோக்கியமான ஒரு குழந்தை, ஒரு குறையும் இல்லாமலேயே, மாலைதோறும் மணிக்கணக்கில் அழக்கூடும் என்ற ஒரே ஒரு செய்தி மட்டும் எங்கள் காதில் விழவே இல்லை. அதனால், இதைப் படிப்பவர்களில் விரைவில் பெற்றோராகப் போகிறவர்கள் இருந்தால், அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவை விரிவாக எழுதுகிறேன்.

இந்த அழுகைக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதை முதலில் அளந்து காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன். குழந்தை எப்போது, எவ்வளவு நேரம் அழுதது என்று 80 தாய்மார்களைக் குறித்து வைக்கச் செய்து, அந்தக் குறிப்புகளின் அடிப்படையில் 1962இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டாவது வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக ஒன்றே முக்கால் மணி நேரமாக இருந்த அழுகை, ஆறாவது வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரமாகக் கூடி, அதற்குப் பிறகு படிப்படியாகக் குறைந்தது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1954இல், மாரிஸ் வெசல் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு வரையறையைத் தந்திருந்தார்கள். நன்றாக வளர்கிற குழந்தை ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல், மூன்று வாரங்களுக்கு மேல் அழுதால் அதை ‘கோலிக்’ என்று கொள்ளலாம் என்பது அது. 2017இல் டீட்டர் வோல்கே குழுவினர் பல நாடுகளில் நடந்த 28 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, முதல் ஆறு வாரங்களில் 17 முதல் 25 சதவீதக் குழந்தைகள் அந்த அளவுக்கு அழுததும், 10 முதல் 12 வாரங்களில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டதும் தெரிந்தது. இடையில் யாருக்கும் எந்த அற்புத மருந்தும் கிடைத்துவிடவில்லை. குழந்தைகள் வளர்ந்தார்கள், அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு செய்திகள் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தன. கலஹாரிப் பாலைவனத்து குங் சான் மக்கள் தங்கள் குழந்தைகளைப் பகல் முழுவதும் உடம்போடு கட்டிச் சுமப்பவர்கள். ஒரு மணி நேரத்தில் பல தடவை பால் கொடுப்பவர்கள். அந்தக் குழந்தைகளைப் பற்றி 1991இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களிடமும் முதல் மூன்று மாதங்களில் அழுகை கூடித்தான் பிறகு குறைகிறது என்பது தெரியவந்தது. அடிக்கடி அழுகிறார்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் அழும் நேரம் மேற்கத்தியக் குழந்தைகளைவிட மிகவும் குறைவு. மற்றொரு செய்தி குறைமாதக் குழந்தைகளைப் பற்றியது. எட்டு வாரம் முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அழுகையின் உச்சம் பிறந்த நாளிலிருந்து ஆறாவது வாரத்தில் வருவதில்லை. பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட்டால்தான் ஆறாவது வாரம் வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால், அழுகை எழுவதும் அடங்குவதும் மூளையும் நரம்புகளும் முதிர்கிற கணக்கில் நடக்கின்றன என்றும், நம் கையில் இருப்பது அது நீடிக்கும் நேரத்தைக் கொஞ்சம் குறைப்பது மட்டுமே என்றும் எனக்குப் புரிகிறது. பெற்ற தாயின் கைராசியோ குழந்தையின் பிடிவாதமோ இதில் எங்கும் இல்லை.

ஆனால் வீடுகளில் நடப்பது வேறு. குழந்தை அழுதவுடன் குற்றவாளியைத் தேடுவது தொடங்கிவிடுகிறது. அந்தத் தேடல் பெரும்பாலும் தாயின் மார்பில் போய் முடிகிறது. என் மனைவி பிரசவத்துக்காகத் தாய்வீடான பாளையங்கோட்டைக்குச் சென்றிருந்தாள். பிள்ளையைப் பார்க்க வந்தவர்களில், மாலை அழுகையை ஒரு தடவை கேட்டவர்கள் அனைவரும் ஒரே வாக்கியத்தைத்தான் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள்: “தாய்க்குப் பால் காணலை போலிருக்கே.” அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பதைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த நமக்கு, அழுகை என்றாலே பசி என்று தோன்றுவதில் வியப்பில்லை. சொன்னவர்கள் எல்லோரும் அன்பானவர்கள்; பூண்டும் பால்சுறாவும் வாங்கிவந்து கொடுத்தவர்கள். இருந்தாலும், இரவெல்லாம் விழித்துத் தன் உடம்பையே உணவாகக் கொடுத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம் அந்த வாக்கியம் என்ன செய்கிறது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் அவள் குழந்தையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் மார்பை அழுத்திப் பார்க்கத் தொடங்கினாள்.

பால் போதுகிறதா என்பதை அறிய அழுகை சரியான அளவுகோல் இல்லை. அதற்கு வேறு அடையாளங்கள் இருக்கின்றன. பிறந்த முதல் சில நாட்களில் குறையும் எடை இரண்டு வாரத்துக்குள் திரும்ப வந்துவிட வேண்டும். அதன்பிறகு முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 முதல் 30 கிராம் கூட வேண்டும். ஐந்தாவது நாளுக்குப் பிறகு குழந்தை ஒரு நாளில் குறைந்தது ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். அது வெளிர்நிறமாக இருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் பால் போதுகிறது என்றே பொருள், மாலையில் குழந்தை எவ்வளவு அழுதாலும். அந்தி நேரத்தில் பல குழந்தைகள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மார்பைத் தேடுவதும், கொஞ்சம் குடித்துவிட்டு விடுவதும், மறுபடி தேடுவதும் வழக்கம்தான். மாலையில் மார்பு தளர்வாக இருப்பதும் இயல்பே. அதைப் பால் வற்றிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் மகளைச் சுகாதார நிலையத்தில் எடை போட்டபோது அங்கிருந்த செவிலியர் அட்டையில் எண்ணைக் குறித்துவிட்டு, “நல்லா ஏறியிருக்கு. யாரு பால் இல்லன்னு சொன்னது?” என்று என் மாமியார் முன்னிலையிலேயே கேட்டார். அன்றைக்கு அந்த எடைக் கருவி செய்த உபகாரத்தை வேறு எந்த அறிவுரையும் செய்திருக்க முடியாது.

இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பால் போதவில்லை என்ற பயத்தில்தான் பல வீடுகளில் முதல் பால்பவுடர் டப்பா வாங்கப்படுகிறது. குழந்தை புட்டிப்பால் குடிக்கக் குடிக்கத் தாயின் மார்பில் குடிப்பது குறைகிறது; குடிப்பது குறையக் குறையச் சுரப்பதும் குறைகிறது; கடைசியில், முதலில் பொய்யாக இருந்த சொல் உண்மையாகிவிடுகிறது. இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் சட்டம் பச்சிளம் குழந்தைகளுக்கான பால்பவுடருக்கு விளம்பரம் செய்வதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் விளம்பரத்தைத் தடுக்கலாம். உறவினரின் கவலையைத் தடுக்க அதனால் ஆகாது. மருத்துவக் காரணத்தால் பால்பவுடர் தேவைப்படுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் எந்த விளக்கமும் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்வது, தேவையே இல்லாமல், அழுகையைத் தவறாகப் படித்ததால் மட்டும் அந்த இடத்துக்குத் தள்ளப்படுகிறவர்களைப் பற்றி.

பாலுக்கு அடுத்தபடியாக வருவது உரம். குழந்தையைச் சரியாகத் தூக்காததால் உரம் விழுந்துவிட்டது என்று சொல்லி, சேலையில் கிடத்தி இரண்டு பக்கமும் பிடித்து உருட்டி எடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. கழுத்து நிற்காத குழந்தையை அப்படி உருட்டுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். இதை வீட்டில் பணிவாகவும் தெளிவாகவும் சொன்னோம், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். திருஷ்டி சுற்றிப் போடுவதில் எனக்கு எந்த மறுப்பும் இருக்கவில்லை. மிளகாயும் உப்பும் அடுப்பில் வெடிக்கும்போது புகை குழந்தைக்கு வராமல் பார்த்துக்கொண்டால் போதும். பெரியவர்களின் மனம் ஆறுகிறது. வாய்வழியாக உள்ளே போகிற எதையும் அவ்வளவு எளிதாக விட முடியாது. உரைமருந்தில் சேர்க்கப்படுகிற வசம்பில் பீட்டா-அசரோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது; ஆய்வகத்தில் எலிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கியதால், அமெரிக்காவில் 1968லேயே வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தார்கள். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதை நாங்கள் அப்படியே கடைப்பிடித்தோம்.

கிரைப் வாட்டருக்கும் இது பொருந்தும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து மருந்தாளர் ஒருவர் உருவாக்கிய அந்தத் திரவத்தில் சதகுப்பை எண்ணெய், சோடியம் பைகார்பனேட், சர்க்கரை ஆகியவற்றோடு ஆல்கஹாலும் இருந்தது. ஆல்கஹால் பிற்காலத்தில் நீக்கப்பட்டது. அழுகையை அது குணப்படுத்தும் என்பதற்கான சான்று மட்டும் இன்றுவரை வரவில்லை. வாயுவைக் கலைக்கும் என்று தரப்படுகிற சிமெத்திகோன் சொட்டு மருந்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில், மருந்தே இல்லாத வெறும் சொட்டைக் காட்டிலும் அது மேலாக இருக்கவில்லை. டைசைக்ளோமின் கலந்த சொட்டு மருந்து விஷயத்தில் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அதைக் கொடுக்காதீர்கள். மூச்சு நின்றுபோன குழந்தைகளைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் வந்த பிறகு, அந்த வயதினருக்கு அது கூடாது என்று விலக்கப்பட்ட மருந்து அது. மருந்துக் கடையில் “வயித்துவலிச் சொட்டு” என்று கேட்டு வாங்குவதற்கு முன்பு அட்டைப்பெட்டியில் உள்ள பெயர்களை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

மருந்து இல்லை என்றால் என்னதான் செய்வது? முதலில், ஒவ்வொரு நாளும், இது வேறு காரணத்தால் வந்த அழுகை இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நாங்கள் குழந்தையின் உடைகள் அனைத்தையும் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் தலை முதல் கால் வரை பார்ப்போம். நம் ஊர் வீடுகளில் எறும்பு ஒரு முக்கியமான காரணம். துணி மடிப்பிலும் தொட்டில் சேலையிலும் அது ஏறிவிடும். கழுத்து மடிப்பில் வியர்க்குரு, அக்குளில் சிவப்பு, இறுகிப்போன அரைஞாண் கயிறு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கால் விரல்களையும் கை விரல்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு தாய்க்கு முடி அதிகமாகக் கொட்டுகிற காலத்தில், ஒற்றை முடி குழந்தையின் விரலில் சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடக் கூடும். ஆண் குழந்தைகளுக்கு ஆணுறுப்பிலும் இப்படி நேரலாம். தொடையிடுக்கில் வீக்கம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குடலிறக்கம் அங்கேதான் தெரியும்.

சில அடையாளங்கள் தெரிந்தால் இந்தப் பதிவையோ வீட்டுப் பெரியவர்களையோ நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே அன்றைக்கே, அது நள்ளிரவானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் இரத்தம், உச்சிக்குழி புடைத்திருத்தல், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடத்தல், மூச்சு வாங்குதல், வழக்கமான அழுகையாக இல்லாமல் மெல்லிய கீச்சுக் குரலில் இடைவிடாமல் அழுதல் ஆகியவையும் அப்படித்தான். அழுது அழுது பழகிய குழந்தை திடீரென்று அமைதியாகி, எழுப்பினாலும் விழிக்காமல் இருப்பது எல்லாவற்றையும்விட ஆபத்தானது.

இவை எதுவும் இல்லை என்றால், மீதமிருக்கிற வேலை சுமப்பதுதான். 2013இல் ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடா குழுவினர், தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியதுமே குழந்தையின் இதயத் துடிப்பு சில நொடிகளில் தணிவதையும், உட்கார்ந்தபடி வைத்திருக்கும்போது அது அந்த அளவுக்கு நடக்காததையும் பதிவு செய்தார்கள். 2022இல் அதே குழு இன்னும் பயனுள்ள ஒன்றைச் சொன்னது: அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் இடைவிடாமல் நடந்து, அது உறங்கிய பிறகு உடனே கிடத்திவிடாமல், ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, அதன்பிறகே படுக்கையில் விட வேண்டும். கிடத்தும்போது விழித்துக்கொள்வதற்குக் காரணம் முதுகு படுக்கையைத் தொடுவது அன்று, பெற்றவர் உடம்பிலிருந்து பிரிவது என்பதையும் அவர்கள் கண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் இது எல்லா நாளும் பலிக்கவில்லை. ஆனால் பலித்த நாட்கள் பலிக்காத நாட்களைவிட அதிகம். பாளையங்கோட்டை வீட்டின் முற்றத்துக்கும் பட்டாசலுக்கும் இடையே, ஒரே வேகத்தில், திரும்பும்போதும் நிற்காமல் நடப்பேன். குழந்தையைக் குப்புற என் முன்கையில் கிடத்தி, அதன் கன்னம் என் முழங்கை மடிப்பிலும் வயிறு என் உள்ளங்கையிலும் படும்படி பிடித்துக்கொள்வது எங்கள் மகளுக்கு மிகவும் உவப்பாக இருந்தது. உறங்கிய பிறகு மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும். குப்புறக் கிடத்தி உறங்க வைக்கக் கூடாது.

மனைவியின் பாட்டியை நாங்கள் எல்லோரும் ஆச்சி என்றுதான் அழைப்போம். அவர்கள் பாடிய தாலாட்டில் சொற்களைவிட அந்த நீண்ட, தாழ்ந்த, மாறாத ஒலிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். சேலைத் தொட்டிலும் சில நாட்கள் கைகொடுத்தது. அதை மெதுவாக, சிறிய அளவில் ஆட்ட வேண்டும். அழுகை கூடக் கூட ஆட்டும் வேகத்தையும் கூட்டுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். உச்சி வெயில் காலத்தில் மாலையில் ஒரு தடவை ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிடுவதும், கூடத்தில் இருந்த ட்யூப்லைட்டை அணைத்துவிட்டுச் சின்ன விளக்கை மட்டும் எரியவிடுவதும், பார்க்க வருகிறவர்களை முற்பகலில் வரச் சொல்வதும் உதவின. ஒரே நேரத்தில் ஐந்து பேர் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டு ஐந்து விதமாகக் கொஞ்சுவது, பகல் முழுதும் களைத்துப்போன அந்தச் சிறிய மூளைக்கு மேலும் ஒரு சுமைதான்.

இப்போது எழுதத் தயங்குகிற, ஆனால் எழுதியே தீர வேண்டிய ஒன்றுக்கு வருகிறேன். இடைவிடாத அழுகையைக் கேட்டுக்கொண்டே இருக்கும்போது, உறக்கமில்லாத மனிதருக்குள் கோபம் எழும். அது தன் பிள்ளையின் மீதே எழும். நல்ல தாய்க்கும் எழும், நல்ல தந்தைக்கும் எழும். அந்த நொடியில் குழந்தையைத் தோள்களைப் பிடித்து உலுக்கிவிடுகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். பச்சிளம் குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. கழுத்துத் தசைகளுக்கு அதைத் தாங்கும் வலு இல்லை. உலுக்கும்போது மூளையின் மேலுள்ள இரத்தக் குழாய்கள் அறுந்து உள்ளே இரத்தம் கசியும் என்பதை 1971இல் பிரிட்டிஷ் நரம்பியல் அறுவை மருத்துவர் நார்மன் கத்கெல்ச் எடுத்துக் காட்டினார். பார்வை போகலாம், மூளை நிரந்தரமாகப் பழுதாகலாம், உயிரும் போகலாம். கனடாவைச் சேர்ந்த ரொனால்ட் பார் என்ற குழந்தை மருத்துவரும் சகாக்களும் 2006இல், உலுக்கப்பட்டதால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் வயதை வாரக்கணக்கில் அடுக்கிப் பார்த்தபோது, அந்த வரைபடம் அழுகையின் வரைபடத்தைப் போலவே, அதன் உச்சத்துக்குச் சில வாரங்கள் பின்னால் உச்சத்தைத் தொட்டது. அழுகைதான் பெரியவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதனால், கை நடுங்குகிற அளவுக்குக் கோபம் வந்தால், குழந்தையைத் தரையில் விரித்த பாயிலோ தொட்டிலிலோ மல்லாக்கக் கிடத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய், ஐந்து பத்து நிமிடம் தண்ணீர் குடித்து மூச்சு விட்டு வாருங்கள். அந்தப் பத்து நிமிட அழுகையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. இதை நானும் மனைவியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம்: “என்னால முடியல” என்று ஒருவர் சொன்னால், மற்றவர் எந்தக் கேள்வியும் கேட்காமல், எந்த நேரமானாலும், பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். களைப்பில் சோஃபாவில் சாய்ந்தபடி குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு உறங்கிவிடுவதும் ஆபத்து. குழந்தை இடுக்கில் நழுவி மூச்சுமுட்டக் கூடும். உறக்கம் வருகிறது என்று தோன்றினாலும் அதே வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருந்தோம்.

மற்றவர் என்று ஒருவர் அங்கே இருந்தால்தானே இது நடக்கும்? நம் வழக்கத்தைப் பற்றி எனக்கு உள்ள வருத்தம் இதுதான். பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண், மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத்தான் திரும்புகிறாள். அன்னையின் அருகிலும் ஆச்சியின் கவனிப்பிலும் அவள் தேறுவதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குழந்தை மிக அதிகமாக அழுகிற அந்த வாரங்கள் முழுவதும் தந்தை வேறு ஊரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, சிரிக்கிற பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, மாலை பேருந்தில் ஏறிவிடுகிறார். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் நிறுவனங்களில் வேலை செய்கிற தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. தாய்க்கு 2017 முதல் 26 வாரம் கொடுத்த அதே சட்டம் தந்தையை நினைக்கவே இல்லை. எனக்குக் கணினி இருந்தால் எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலை என்பதால், மேலாளரிடம் கேட்டுக்கொண்டு, பாளையங்கோட்டையிலேயே தங்கினேன். மாப்பிள்ளை மாமியார் வீட்டில் இவ்வளவு நாள் தங்குவதா என்று சிலருக்கு முகம் சுருங்கியது. ஆச்சிதான் அதைத் தீர்த்து வைத்தார்கள். ஒரு மாலையில், வந்திருந்த உறவினர்கள் முன்னிலையிலேயே, “மாப்பிள்ளை, நீங்க பிள்ளைய வாங்கிக்கிடுங்க. அவ ஒருவாய் சோறு சூடா சாப்பிடட்டும்” என்று குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு விளக்கு வைத்ததிலிருந்து இரவுச் சாப்பாடு முடியும்வரை மகள் என் பொறுப்பு என்பது வீட்டின் ஒழுங்காகவே ஆகிவிட்டது. அந்த நேரத்தில் மனைவி சாப்பிட்டாள், குளித்தாள், சில நாட்கள் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கினாள். அழுகையின் நேரம் குறைந்ததா என்று கேட்டால், பெரிதாகக் குறையவில்லை. அதைத் தாங்குகிறவரின் எண்ணிக்கை கூடியது.

பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வை இங்கே சொல்லாமல் போக முடியாது. இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான கட்டுரை, பிரசவித்த பெண்களில் ஏறக்குறைய 22 சதவீதம் பேருக்கு அது வருவதாகக் கணக்கிட்டது. ஐவரில் ஒருவருக்கு மேல். குழந்தை அழாமல் உறங்குகிற நேரத்திலும் தாய்க்கு உறக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, தன்னால் பிள்ளைக்கு ஆகாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள் என்றால், அதைப் “பச்ச ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று ஒதுக்கிவிடக் கூடாது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. தன்னையோ குழந்தையையோ காயப்படுத்திவிடுவோமோ என்ற எண்ணம் அவளுக்கு எழுந்தால், தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

அரசின் திட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை வீட்டுக்கே வந்து பார்க்கும் சுகாதாரப் பணியாளரின் வருகைகள் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களுக்கு வகுக்கப்பட்டிருக்கின்றன. அடுத்த சுற்று மூன்றாவது மாதத்தில்தான் தொடங்குகிறது. முதல் சுற்றின் கடைசி வருகையான 42ஆம் நாள் என்பது சரியாக ஆறாவது வாரம். முதல் சுற்றுத் தடுப்பூசிக்காகக் குழந்தையைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதும் அதே ஆறாவது வாரத்தில்தான். எடையும் வெப்பமும் பார்க்கிற அந்த ஒரு நாளில், “சாயங்காலம் பிள்ள ரொம்ப அழுதா? ஒனக்கு ஒறங்க முடியுதா? வாங்கி வச்சுக்க வீட்டுல ஆள் இருக்கா?” என்று மூன்று கேள்விகளைச் செவிலியர்கள் கேட்க வேண்டும், அந்தப் பதிலும் எடைக்குப் பக்கத்திலேயே அட்டையில் எழுதப்பட வேண்டும் என்று, எங்கள் மகளின் அட்டையில் எடையைக் குறித்த செவிலியரிடம் அடுத்த தடுப்பூசிக்குப் போனபோது கேட்டுக்கொண்டேன். அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை என்றார். பிறகு, அன்றைக்கு வரிசையில் எங்களுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அந்த மூன்று கேள்விகளையும் கேட்கத் தொடங்கினார்.